இருபத்தெட்டில் மகரக்கட்டு

ஜனவரி 21, ஞாயிறு

கடையநல்லூருக்குப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தோம். பார்த்தது நாங்கள்தான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். உண்மையில் அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் சேர்ந்து என் மோவாயைப் பார்த்தார்கள்.

அங்கே பார்க்க ஒன்றுமில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது. இன்றுவரை முகத்தில் ஒரு முடி முளைத்ததில்லை. ஆனாலும் வாரம் ஒருமுறை வாசலில் கண்ணாடியை மாட்டி, நுரை தடவி, தெருவே பார்க்கச் சவரம் செய்கிறேன். ஆள் ஆறடிக்கு மேல். கை கால்கள் அளவுக்கு மீறி நீளம். குரல் மட்டும் எட்டாம் வகுப்பிலேயே நின்றுகொண்டது.

பெண்ணின் அப்பா சிவனணைந்தபெருமாள் மரக்கடை வைத்திருக்கிறார். சம்பளம், நட்சத்திரம் எல்லாம் கேட்டுவிட்டு என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "பீடி சிகரெட் பக்கம் போன குரலா இது? பச்சப்பிள்ள குரல்லா" என்று மனைவியிடம் சொன்னார்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. மூத்த மாப்பிள்ளைக்கு அய்யனார் சிலைக்கு இருப்பதுபோல் மீசை. குடித்துவிட்டு வந்து மூத்த மகளை அடிக்கிறவன். அதனால் இளையவளுக்கு மீசை இல்லாத மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருந்தாராம். ஊரெல்லாம் கேலி செய்த முகம் கடையநல்லூரில் நற்சான்றிதழ் ஆகிவிட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

பெண்ணின் பெயர் உலகம்மை. வீட்டில் உலகு. பி.எட். படிக்கிறாள். படிப்பு முடிந்ததும் ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. தலையைக் குனியாமல் என்னை நேராகப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சரி என்றாளாம்.

ஜனவரி 23, செவ்வாய்

நான் மின்வாரிய அலுவலகத்தில் புகார் தொலைபேசியில் உட்காருகிறவன். என் பதவி அதுவல்ல. கரண்ட் போனால் ஜனங்கள் போன் செய்து முதலில் போனை எடுத்தவனின் அம்மாவைத் திட்டுவார்கள், பிறகு தெருப்பெயரைச் சொல்வார்கள். நான் எடுத்தால் மட்டும் "மேடம், கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க மேடம்" என்று குழைவார்கள். இதைக் கண்டுபிடித்த எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., என்னை அங்கேயே நட்டுவிட்டார். என் குறை, அலுவலகத்துக்கு வசதி.

இன்று ஒருவர் மேடம் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். சாப்பிட்டாச்சு என்றேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆவுடையப்பன் மாமா, அம்மாவின் தம்பி, என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூத்திரச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும் பரம்பரை வைத்தியர், மாதத்தில் முதல் ஞாயிறு லாட்ஜுக்கு வருகிறவர், அவரிடம்தான். கல்யாணத்துக்கு முன்னால் 'ஒரு டானிக் மாதிரி' என்றார் மாமா.

வைத்தியர் நாடி பார்த்துக் கண்ணை மூடி, இளமையில் செய்த தவறு என்றார். தவறு செய்யும் அளவுக்கு எனக்கு இளமையே வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். மாமா காசு கொடுத்துவிட்டதால் தலையாட்டினேன்.

கொடுத்த லேகியத்தின் மூடி வரும் வழியில் கழன்றுவிட்டது. பஸ்ஸே மூக்கைப் பொத்தியது. எது செத்தது என்று கண்டக்டர் சீட்டுக்கு அடியில் தேடினார். மாமா துண்டை முகத்தில் கட்டிக்கொண்டார். நானும் சட்டென்று மூக்கைப் பொத்தினேன். மற்றவர்கள் பொத்தினால் பொத்துவது, ஆஹா என்றால் ஆஹா என்பது, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ஓட்டுகிறேன். இதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

லேகியம் சாப்பிட்டேன். இருந்த கொஞ்சநஞ்ச ஆண்மையும் வயிற்றோடு போய்விட்டது.

பிப்ரவரி 19, திங்கள்

அலுவலகத்தில் துடைத்துவிட்டுப் போன ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார், உடனே படம் எடுத்த பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டினார். யாரோ பள்ளிக்கூடப் பையனின் படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். அவள் இல்லை சார் என்றாள். மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடியும் அதே பள்ளிக்கூடப் பையன்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எலும்பின் முனையில் வளர்ச்சிக்கான இடைவெளி ஒன்று இருக்குமாம். வயதுக்கு வந்த பின் பதினெட்டு வாக்கில் அது மூடிவிட வேண்டுமாம். எனக்கு அகலத் திறந்து கிடக்கிறது. எலும்புக்குப் பதினாலு வயதுதான் மதிப்பிடலாம் என்றார். இன்னும் உயரம் கூடுகிறதா என்று கேட்டார். பேன்ட்டெல்லாம் வருஷா வருஷம் கணுக்காலுக்கு மேலே ஏறுவது ஞாபகம் வந்தது. நான் இத்தனை நாளாகச் சலவைக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கையில் கட்டு. அம்மாவிடம் சுளுக்கு என்றேன்.

பிப்ரவரி 28, புதன்

டாக்டர் ரெஜினா. ஐம்பது வயதிருக்கும். பார்க்க வேண்டிய இடத்தையெல்லாம் பார்த்தார், அதுவரை நான் மின்விசிறியைப் பார்த்தேன். இறக்கைகளில் ஒட்டடை. உடுத்திக்கொண்டு உட்கார்ந்ததும் சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"மல்லிகைப்பூ மணம் எப்படி இருக்கும்?"

"நல்லா இருக்கும் டாக்டர்."

"எப்படி நல்லா இருக்கும்?"

மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது டாக்டர். எனக்கு எந்த மணமும் தெரியாது. யாருக்கும் தெரியாது எனக்குத் தெரியாதுன்னு."

இதை ஒரு மனிதரிடம் சொன்னது வாழ்க்கையில் இதுவே முதல் தடவை. ஊர் முழுக்க மூக்கு வைத்திருக்கிறது, ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. டாக்டர் அதைப் பார்க்காத மாதிரி ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

மார்ச் 8, வெள்ளி

ரிசல்ட் வந்துவிட்டது. எனக்கு வியாதி இருக்கிறது. சாபம் இல்லை, செய்வினை இல்லை, இளமையில் செய்த தவறும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் மூக்குப் பக்கத்தில் சில செல்கள் உண்டாகின்றன. அவை அங்கிருந்து மூளைக்குப் போய்ச் சேர வேண்டும். மணத்தை உணரும் நரம்பும் அதே வழி. எனக்கு இரண்டும் வழியிலேயே நின்றுவிட்டன. மூளைக்குப் போகும் செல்கள்தான் வயது வந்ததும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டி எழுப்பும், அது விதைகளுக்கு வேலை தொடங்கச் சொல்லும். எழுப்ப ஆள் இல்லை. குரோமோசோம் எல்லாம் சுத்தமான ஆண் குரோமோசோம். மேலிடத்து உத்தரவு வராததால் கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். அரசாங்க வேலை பார்க்கிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் ஊசி. போட்டால் மீசை வரும், குரல் உடையும், உடைந்த குரல் திரும்பாது. போடாவிட்டால் எலும்பு உளுத்துப்போகும். பிள்ளை வேண்டுமென்றால் அதற்குப் பிறகு வேறு ஊசிகள் உண்டு, வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, உத்தரவாதம் கிடையாது.

கல்யாணப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். கண்டிப்பாக என்றேன். காணாத மணத்துக்கெல்லாம் ஆஹா போட்டுப் பழகிய வாய்.

முதல் ஊசி போட்டாயிற்று.

மார்ச் 9, சனி

உட்கார முடியவில்லை. மீசை வரவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

நெற்றியிலும் கன்னத்திலும் பருக்கள். அலுவலகத்தில் ஃபோர்மேன் அந்தோணி அண்ணன் அம்மை போட்டிருக்கிறது என்று எனக்கு வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன்.

எதைக் கண்டாலும் கோபம் வருகிறது, எப்போதும் பசிக்கிறது. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தால் சேனலை மாற்ற மனம் வரவில்லை. இதையெல்லாம் மற்றவர்கள் ஒன்பதாம் வகுப்பில் முடித்துவிட்டார்கள், நான் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

இன்று காலையில் ஒரு சம்பவம். எழுதப் போவதில்லை. கட்டியிருந்த சாரத்தை நானே துவைத்துப் போட்டேன். அம்மா அதைக் கொடியில் பார்த்தாள், பத்து மணிக்குக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

மே 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை உலகு போன் செய்யும் நாள். பாடம் நடத்திக் காட்டப் போன பள்ளியில் ஒரு பையன் அவளை அம்மா என்று கூப்பிட்டுவிட்டு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்ட கதையைச் சொன்னாள். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் கீழே விழுந்து வேறு யாருடைய சிரிப்போ ஆகிவிட்டது. யாரு பேசுதது என்று கேட்டாள். நான்தான், சளி என்றேன்.

ஞாயிறு வருவதற்காக நான் ஒன்றும் காத்துக்கொண்டிருப்பதில்லை. சனிக்கிழமையே போனுக்குச் சார்ஜ் ஏற்றி வைப்பது வழக்கம், அவ்வளவுதான்.

மே 17, வெள்ளி

கோடை மழை. மூன்று டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. ஒருவன் போனில் "மேடம்" என்று ஆரம்பித்தான். பதில் சொல்ல வாயைத் திறந்தால் தொண்டையிலிருந்து தகரத்தை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். மேடத்துக்கிட்டக் குடுல போன என்றான். மேடம் இல்லை, நான்தான் என்றேன். அடுத்து அவன் என் அம்மா, இல்லாத அக்கா, இல்லாத தங்கை எல்லாரையும் வரிசையாக விசாரித்தான். பிறந்ததிலிருந்து என்னை யாரும் இவ்வளவு மரியாதையாக, ஒரு முழு ஆம்பளையாக மதித்துத் திட்டியதில்லை. போனை வைத்துவிட்டு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்தபோது ஒவ்வொருவனாகக் கடைசி பெஞ்சுக்குப் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் மட்டும் முதல் பெஞ்சில் இருந்து ஆண்டு விழாவில் சீதையாக நடித்தேன். கைதட்டல் என்னவோ நிறைய வந்தது.

ஏ.இ. முகம் வாடிவிட்டது. ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவார் போலிருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

இன்று போன் வரவில்லை. அவள் அப்பா நேரில் வந்தார்.

பருக்களைப் பார்த்தார். மேலுதட்டில் அரும்பியிருந்ததைப் பார்த்தார். வாங்க மாமா என்று நான் சொன்னதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் மூத்த மாப்பிள்ளையும் குடிக்க ஆரம்பித்த புதிதில் தொண்டை இப்படித்தான் கட்டையாகிப் போனது என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் பக்கத்தில் வந்து வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். நன்றாக மோந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஆடி கழியட்டும், அதுவரை மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுக் காப்பியைத் தொடாமல் போனார். ஆம்பளையாக இல்லாதவரை எனக்குக் கல்யாணம் நிச்சயமாக இருந்தது.

ஜூன் 10, திங்கள்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, எலும்பு, மூக்கு எல்லாம். அவள் ஆச்சரியப்படவில்லை.

"கல்யாணம் வரைக்கும் ஊசிய நிறுத்தி வையில. தாலி ஏறுன பொறவு போட்டுக்கிடலாம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? நீ பத்தாம் கிளாஸ் படிக்கயிலயே தெரியும். உங்க அப்பாவும் போயிட்டாவ. நான் யார்கிட்டப் போயி என்னன்னு கேக்க?"

பன்னிரண்டு வருடமாக எனக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சவரப் பெட்டி வாங்கிக் கொடுத்தவள் இவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கத்த நினைத்தேன். புதுக்குரலில் கத்தினால் அவள் பயந்துவிடுவாள் என்று அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 21, வெள்ளி

ஊசி நாள். திருநெல்வேலிக்குப் பஸ் கிடைக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

பஸ் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். தென்காசியில் நின்றுகொண்டு திருநெல்வேலி பஸ் கிடைக்காமல் போக வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போவதை டீக்கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் நடந்தது.

பெண் வீட்டாருக்குப் பழைய மாப்பிள்ளை வேண்டும். அம்மாவுக்கு ஆவணி வரை வேண்டும். ஏ.இ.க்கு மேடம் வேண்டும். எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள், நான் மட்டும் ஒத்துழைக்காமல் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறேன். எனக்கு அந்த ஊசி வேண்டும். உலகுவும் வேண்டும். ஒன்றுக்காக ஒன்றை மறைத்துவைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொல்லிவிடுவேன்.

ஜூன் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தோழியைப் பார்க்கத் தென்காசிக்கு வந்த உலகு எனக்காகக் கோயிலுக்கு எதிரே ஜூஸ் கடையில் காத்திருந்தாள். மூக்கில் தொடங்கி ஊசி வரை ஒன்று விடாமல் சொன்னேன். பிள்ளை விஷயத்தில் உத்தரவாதம் இல்லை என்பதையும் சொன்னேன். முகத்தைச் சுளிக்கவில்லை, சிரிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டாள். ஊசி போடாவிட்டால் எலும்பு என்ன ஆகும் என்று இரண்டு முறை கேட்டாள். பிள்ளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். எனக்கு அந்த நிமிடம் உலகமே கைக்குள் வந்துவிட்டது.

பிறகுதான் சொன்னாள்.

"உங்கள மொதல்ல பாத்தப்ப எனக்குப் பயமே வரல. ஒரு ஆம்பளயப் பாத்து எனக்குப் பயம் வராம இருந்தது அதுதான் மொத தடவ. அதான் சரின்னேன். இப்ப போன்ல உங்க குரலக் கேட்டா கதவு பூட்டியிருக்கான்னு பாக்கத் தோணுது."

நான் அடிக்கிறவன் இல்லை என்றேன். இதைவிட மடத்தனமாக ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது.

"எங்க அத்தானும் நிச்சயம் பண்ணுதப்ப அடிக்கலயே. நான் உங்களக் குத்தம் சொல்லல. அக்கா வீட்டுல ஒரு வருசம் தங்கிப் படிச்சேன். செவுத்துக்கு அந்தப் பக்கம் கேட்ட சத்தமெல்லாம் இன்னும் போகல."

எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. ஊசியை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். நான்தான் கேட்டேன், மனதாரக் கேட்டேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

"அத எங்கிட்டக் கேக்காதீங்க. நான் ஆமான்னு சொல்லிருவேன்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். ஜூஸ் அப்படியே இருந்தது. கடைக்காரர் நன்றாக இல்லையா சார் என்றார். சார் என்றார்.

ஜூலை 1, திங்கள்

முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போனேன். டாக்டர் தாமதத்துக்குத் திட்டினார். ஊசி போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து உலகுவுக்கு, போட்டுக்கொண்டேன் என்று ஒரே ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நல்லது, உடம்பைப் பார்த்துக்கிடுங்க, எனக்கு இஷ்டமில்லைன்னு நானே அப்பாகிட்டச் சொல்லிடுதேன், உங்க மேல பழி வராது. அவ்வளவுதான். எழுத்தில் அவளுக்கு என் மேல் பயம் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

சம்பந்தம் முறிந்துபோனது ஊருக்குத் தெரிந்துவிட்டது. உலகு தனக்கு இஷ்டமில்லை என்று ஒற்றைக்காலில் நின்றாளாம், அப்பாவிடம் அடியும் வாங்கினாளாம். குடிகார மாப்பிள்ளையிடமிருந்து மகளைக் காப்பாற்றக் கிளம்பியவர் குடிக்காமலே கையை நீட்டியிருக்கிறார். இந்தச் செய்தியைக் கொண்டுவந்த ஆவுடையப்பன் மாமா, அந்தப் பிள்ளைக்கு வேறு யாருடனோ தொடர்பு இருக்கும் என்றார். மாமா, வாயை மூடுங்க என்றேன். மூடிக்கொண்டார். இந்தக் குரலால் எனக்கு இதுவரை கிடைத்த ஒரே லாபம் அதுதான்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி. எனக்குக் குடிப்பழக்கம், செங்கோட்டையில் ஒரு பெண்ணுடன் சகவாசம். அந்தோணி அண்ணன் ரகசியமாகக் கேட்டார், செங்கோட்டையில் எந்தத் தெரு என்று. இருபத்தெட்டு வருடத்தில் என்னைப் பற்றி வந்த முதல் ஆம்பளை வதந்தி. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, கட்டிலில் உட்கார்ந்தேன். எதற்கென்று தெரியாத மாதிரி எழுதலாம், ஆனால் தெரியும். உலகுவை எனக்குப் பிடித்திருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராது. அழுகை வந்துவிட்டது. கட்டைக்குரலில் அழுவது இதுவே எனக்கு முதல் தடவை, கேட்கச் சகிக்கவில்லை. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அம்மா பயந்த குரலில் கேட்டாள்.

"யாரு? உள்ள யாரு?"

"நான்தாம்மா" என்றேன்.